விழுந்ததா, பாய்ந்ததா? திருகோணமலை 91ஆம் டேங்கும் பார்த்தவர் சாட்சியும்

திருகோணமலை சீனக்குடாவில், மரங்களுக்கு நடுவே, தீயில் உருகி நெளிந்த இரும்புத் தகடுகளாக ஒரு எண்ணெய் டேங்கின் மிச்சம் நிற்கிறது. எண் 91. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் கடற்படைக்காக அங்கே கட்டியவை மொத்தம் 101 டேங்குகள். ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் பிடிக்கும். இப்போது இந்தியாவும் இலங்கையும் பேசும்போது 99 என்று கணக்குச் சொல்கிறார்கள். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி லங்கா ஐஓசிக்கு 14, சிலோன் பெட்ரோலியம் கார்ப்பரேஷனுக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. கூட்டிப் பார்த்தால் 99 வரும். அந்தக் கணக்கில் சேராமல் போனவற்றில் ஒன்றுதான் இந்த 91.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானம் ஒன்று வந்து அதன் மேல் விழுந்தது. இதைப் பற்றித் தமிழில் வருகிற பயணக் கட்டுரைகள், யூடியூப் காணொளிகள் எதை எடுத்தாலும் கதை ஒரே மாதிரி இருக்கும். விமானி டேங்கை வட்டமடித்தார், குறிபார்த்தார், வேண்டுமென்றே பாய்ந்தார். உள்ளே மூன்று பேர். தீ ஏழு நாள் எரிந்தது. கடைசி வரி எப்போதும் "இதுதான் உலகின் முதல் காமிகாசே" என்பதாக முடியும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குண்டு போட வந்த எதிரியின் பெயரைக்கூட மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று பேருடைய பெயரும் அங்கே சொல்லப்படுகிறது. போர் நினைவிடங்களில் இது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. என் விமர்சனம் அந்த மரியாதையைப் பற்றியது அல்ல. "பார்த்தவர்கள் சொன்னார்கள்" என்ற ஒரே தூணில் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றியது.

எலும்பும் சதையும்

கதையின் எலும்பு உறுதியாகத்தான் இருக்கிறது. அன்று வந்தது நகுமோ தலைமையிலான ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களின் படை. திருகோணமலைக்கு மேலே வந்தவை இரண்டு வகை விமானங்கள். ஒன்று, நேசநாட்டுக்காரர்கள் 'கேட்' என்று பெயர் வைத்த குண்டுவீச்சு விமானம். இன்னொன்று, அதற்குக் காவலாக வந்த ஜீரோ சண்டை விமானம். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் 'வால்' விமானங்களைக் கப்பலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பலை அன்றைக்கே மூழ்கடித்தவை அவைதான். ஜீரோவில் ஒருவர்தான் உட்கார முடியும். வாலில் இரண்டு பேர். கேட்டில் மூன்று பேர். ஆகவே மூன்று பெயர் என்றால் விழுந்தது கேட் வகை. சீனக்குடாவிலிருந்து எழும்பிய பிரிட்டிஷ் 261ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களும் தரையிலிருந்த பீரங்கிகளும் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அது விழுந்தது. இதுவரைக்கும் எல்லாம் பொருந்தி வருகிறது.

சிக்கல் சதையில்தான். 'காமிகாசே' என்ற பெயரில் தற்கொலைப் படைப்பிரிவை ஜப்பான் ஏற்படுத்தியது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில். 1942 ஏப்ரலில் ஜெயித்துக்கொண்டிருந்த படைக்கு அப்படி ஒரு திட்டம் தேவையே இல்லை. ஆகவே 'முதல் காமிகாசே' என்ற வரி, இரண்டரை வருஷம் கழித்து வந்த ஒரு சொல்லைப் பின்னால் கொண்டுபோய் ஒட்டியது.

அதற்காக வேண்டுமென்றே மோதுவது நடந்திருக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. அடிபட்டுத் திரும்ப முடியாமல் போன விமானத்தை எதிரி இலக்கின் மேலேயே கொண்டுபோய் மோதுவதற்கு ஜப்பானியர்கள் 'ஜிபாகு' என்பார்கள். 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்குதலன்று, எரிபொருள் டேங்க் அடிபட்ட ஈடா என்ற ஜீரோ விமானி தன் விமானத்தைக் கானியோஹே தளத்தை நோக்கித் திருப்பினார். கடைசியில் அது ஒரு மேட்டில் மோதியது.

ஆக இரண்டு சாத்தியம். ஒன்று, அடிபட்டு, விமானி செத்தோ மயங்கியோ விழுந்த விமானம். இன்னொன்று, அடிபட்டபின் விமானி உயிரோடு திருப்பிய விமானம். தரையில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். விமானியின் கை கண்ட்ரோல் மேல் இருந்ததா, சரிந்து கிடந்ததா என்று கீழேயிருந்து எப்படித் தெரியும்?

முப்பது விநாடி

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூவாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து ஒரு விமானம் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் கீழே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 100 மீட்டர். தரையைத் தொட முப்பது விநாடி. நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதி போய்விடும். மீதி நேரத்திலும் பாதி, பங்கரைத் தேடி ஓடுவதில் போகும்.

இதில் சத்தம் வேறு ஏமாற்றும். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மூன்று கிலோமீட்டர் தள்ளி நடக்கும் சண்டையின் துப்பாக்கிச் சத்தம் காதுக்கு வந்து சேர ஒன்பது விநாடி ஆகும். விமானம் பற்றி எரிவதைக் கண் முதலில் பார்க்கும். அதைச் சுட்ட சத்தம் பிறகு கேட்கும். "எரிஞ்சுக்கிட்டே வந்தான், அதுக்கப்புறம்தான் சுட்டாங்க" என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு வந்த வரிசை அதுதான்.

நான் சாஃப்ட்வேர்காரன். இருபது வருஷமாக சப்போர்ட் டிக்கெட் படித்துப் பழகிய புத்தி இது. "பட்டனை அழுத்தினேன், ஸ்க்ரீன் வெள்ளையாச்சு, வெளியே வந்துருச்சு" என்று யூசர் எழுதினால் அது தங்கம். "டேட்டாபேஸ் போயிடுச்சு" என்று எழுதினால் அது அவருடைய ஊகம். நல்ல இன்ஜினியர் முதலாவதை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தனியாக வைப்பார். 91ஆம் டேங்க் கதையில் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிவிட்டார்கள்.

நினைவு என்பதும் நாம் நினைக்கிற மாதிரி கேமரா இல்லை. 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் எல் ஆல் சரக்கு விமானம் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதின கணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. ஆனால் பிற்பாடு சில நெதர்லாந்து உளவியலாளர்கள், "மோதும் காட்சியை டிவியில் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, பதில் சொன்னவர்களில் 55 சதவீதம் பேர் பார்த்தேன் என்றார்கள். இல்லாத படத்தைப் பார்த்ததாகப் பாதிக்கு மேல்! 1996இல் வெளியான ஆய்வு இது. கேள்வியே அவர்களுக்குள் ஒரு காட்சியை நட்டுவிட்டது. "விமானி வட்டமடித்தாராமே, நீங்கள் பார்த்தீர்களா?" என்று எண்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே தீவு, அதே கேள்வி

67 வருஷம் கழித்து இதே கேள்வி கொழும்பில் திரும்ப வந்தது. 2009 பிப்ரவரி 20 இரவு விடுதலைப் புலிகளின் இரண்டு சிறிய ஸ்லின் விமானங்கள் கொழும்புப் பக்கம் வந்தன. நகரத்தின் விளக்குகளை அணைத்தார்கள். வானம் முழுக்கத் தேடுவிளக்கும் பீரங்கிக் கோடுகளுமாக இருந்தது. ஒரு விமானம் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றொன்று கட்டுநாயக்கா அருகே விழுந்தது. சுட்டு வீழ்த்தினோம் என்றது அரசாங்கம். தற்கொலைத் தாக்குதல் நடத்தினோம் என்றார்கள் புலிகள். 1942இல் பிரிட்டனும் ஜப்பானும் பங்கு போட்டுக்கொண்ட அதே இரண்டு விடைகள்.

'விழுந்தது' என்றால் பெருமை சுட்டவனுக்கு. 'பாய்ந்தது' என்றால் பெருமை ஓட்டினவனுக்கு. பார்த்தவர் வாயில் எந்த வினைச்சொல் வருகிறது என்பதில் இரண்டு தரப்புக்கும் காரியம் இருக்கிறது. கீழே நின்றவரை இரண்டு பேரும் தங்கள் பக்கத்து சாட்சிக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறார்கள். அவர் கட்டடத்தில் வேலை பார்த்தவரா, தெருவில் நின்றவரா, அந்த இரவில் அவருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். போரில் விமானம் விழுவதைப் பார்த்த சாதாரண மனிதரை நாம் ஸ்கோர் எண்ணுகிற அம்பயராகவே பயன்படுத்துகிறோம். அம்பயர் வேலைக்கு அவர் லாயக்கில்லை. ஏன், சண்டை போட்டவர்களே லாயக்கில்லை. 1940 செப்டம்பர் 15 அன்று லண்டன் வானத்தில் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பிறகு ஜெர்மன் ஆவணங்களோடு ஒப்பிட்டால் சுமார் 60தான். ஒரே விமானத்தை நாலு பேர் சுட்டால் நாலு பேரும் தன் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

அதே நாளில் லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு டோர்னியர் குண்டுவீச்சு விமானம் விழுந்தது. அதை மோதி உடைத்தவர் ரே ஹோம்ஸ் என்ற ஹரிக்கேன் விமானி. பக்கிங்ஹாம் அரண்மனையைக் காப்பாற்றியவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். 2004இல் அவருடைய ஹரிக்கேனின் இன்ஜினை லண்டன் தெருவைத் தோண்டியே எடுத்தார்கள். அதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவாகப் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. அந்த டோர்னியரின் விமானி பாராசூட்டில் கென்னிங்டன் ஓவல் பக்கம் இறங்கினார். ஆமாம், கிரிக்கெட் ஆடுகிற அதே ஓவல். கீழே இருந்த பொதுமக்கள் அவரைப் பிடித்து அடித்தார்கள். காயங்களோடு மறுநாள் இறந்துபோனார். வானத்தில் நடந்ததைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. தரையில் அந்தச் சில நிமிஷம் நடந்ததைப் பற்றி இருப்பது சில பத்திகள்தான். அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே நின்ற சாதாரண ஜனங்கள் மட்டும்தான்.

ஹோரான் கிராமம்

இதே சோதனை நம் காலத்தில் ஒரு தமிழருக்கு நேர்ந்தது. 2019 பிப்ரவரி 27. விங் கமாண்டர் அபிநந்தனின் மிக்-21, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பிம்பர் மாவட்டத்து ஹோரான் கிராமத்தில் விழுந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் பத்திரிகைக்குச் சொன்ன விவரம் உலகம் முழுக்கப் போயிற்று. இரண்டு விமானங்களில் தீயைப் பார்த்தேன், ஒன்று எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, இன்னொன்று கீழே வந்தது என்றார்.

உடனே என்ன ஆனது? அந்த 'இரண்டு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். எஃப்-16 ஒன்றை வீழ்த்தினோம் என்பது இந்தியாவின் நிலை. அபிநந்தனுக்கு 2021இல் வீர் சக்ரா விருதும் வழங்கப்பட்டது. எங்கள் விமானம் எதுவும் விழவில்லை என்பது பாகிஸ்தானின் நிலை. அன்று பாகிஸ்தான் ராணுவமே முதலில் இரண்டு விமானிகள் பிடிபட்டார்கள் என்று சொல்லி, பிறகு ஒருவர்தான் என்று திருத்தியது. அதே நாள் காஷ்மீர் பட்காமில் விழுந்ததைச் சண்டை விமானம் என்றே முதலில் செய்தி ஓட்டினார்கள். அது மி-17 ஹெலிகாப்டர். விமானப்படையினர் ஆறு பேரும் ஊர்க்காரர் ஒருவரும் செத்தார்கள். நம் ஏவுகணையே அதை அடித்துவிட்டது என்று விமானப்படைத் தளபதி சொன்னது அந்த அக்டோபரில். அரசாங்கங்களுக்கே கணக்கு இப்படித் தடுமாறும்போது, முற்றத்தில் நின்ற ஒரு மனிதரின் 'இரண்டு' எந்த வழக்கையும் தீர்த்து வைக்காது.

ஆனால் அதே மனிதர் சொன்ன மற்ற பாதியைப் படியுங்கள். கீழே இறங்கிய விமானி, இது இந்தியாவா பாகிஸ்தானா என்று கேட்டார். இந்தியா என்று ஒரு பையன் பொய் சொன்னான். முதுகு போச்சு, தண்ணீர் வேண்டும் என்றார். பையன்கள் கோஷம் போட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. வானத்தை நோக்கிச் சுட்டார், ஓடினார், சின்னக் குளத்தில் குதித்தார், கையிலிருந்த காகிதங்களை விழுங்கப் பார்த்தார். பிடித்தவர்களில் சிலர் அடித்தார்கள், சிலர் தடுத்தார்கள், அப்புறம் ராணுவம் வந்து சேர்ந்தது. மார்ச் 1 அன்று அவர் வாகா வழியாக உயிரோடு வந்தார்.

இதில் எதையும் ரேடார் பதிவு செய்யாது. எந்த அரசு அறிக்கையும் தானாக எழுதாது. ஓவலில் ஒருவர் செத்ததற்கும் ஹோரானில் ஒருவர் பிழைத்ததற்கும் நடுவே இருந்தது அந்தச் சில நிமிஷங்களும், தடுக்க நீண்ட சில கைகளும்தான். இந்தப் பாதிக்குத்தான் ஊர்க்காரர் அசல் சாட்சி. நாம் இதைச் சுவாரசியமான துணுக்காகப் படித்துவிட்டு, அந்த 'இரண்டு' பற்றி வருஷக்கணக்கில் சண்டை போடுகிறோம்.

வெளிச்சத்தை நோக்கி நடந்தவர்

நான் இருக்கும் ஆழ்வார்திருநகரியில் எல்லோருக்கும் தெரிந்த தலவரலாறு ஒன்று உண்டு. வடக்கே யாத்திரை போயிருந்த மதுரகவியாழ்வார் தென்திசை வானத்தில் ஒரு ஒளியைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. அதை நோக்கி நடந்தே வந்தார். புளியமரத்தடியில் அசையாமல் இருந்த நம்மாழ்வார் முன்னால் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார். கண் திறந்தபின் ஒரு கேள்வியும் கேட்டார். பக்தியைத் தனியாக வைத்துவிட்டு, ஒரு முறையாக மட்டும் இதைப் பாருங்கள். வானத்தில் தெரிந்ததை வைத்துக்கொண்டு அங்கேயே கதை கட்டாமல், இறங்கின இடத்துக்குப் போய்ச் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். 91ஆம் டேங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒளியோடு நின்றுவிட்டார்கள்.

சரியான கேள்வி எது? 1942 ஏப்ரல் நம் பக்கத்துக்குத் தூரத்து விஷயம் இல்லை. தாமிரபரணிக் கரையிலிருந்து கொழும்புக்குக் கடை வைக்கவும் வேலைக்கும் போனவர்கள் ஏராளம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவீச்சுக்குப் பிறகு இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகக் கொழும்பைவிட்டுக் கிளம்பினார்கள். அதே மாதம் சென்னையிலிருந்தும் ஜனங்களை வெளியேறச் சொன்னது அரசு. பெரியவர்கள் 'எவாக்குவேஷன் சமயம்' என்பது இதைத்தான். அன்று பத்து வயதில் இருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்கும். "எத்தனை விமானம் விழுந்துச்சு தாத்தா?" என்று கேட்டு அவருடைய கடைசி நினைவை வீணாக்கக் கூடாது.

ஈழத்துப் போரைக் கண்டவர்களோ நம் வயதுக்காரர்கள். விமானங்களைப் பற்றி அவர்களுக்கு இருக்கிற அறிவு பெரும்பாலும் காதில் இருக்கிறது. குண்டைத் தள்ளிவிட்டுப் போன கனத்த சரக்கு விமானத்துக்கு 'சகடை' என்று பெயர் வைத்தார்கள். வேவு விமானத்துக்கு 'வண்டு'. கிபிர் வந்தால் சத்தம் எப்படி இருக்கும், எத்தனை விநாடியில் பங்கருக்குள் இறங்க வேண்டும் என்பதெல்லாம் குழந்தைக்கும் தெரியும். சகடை, வண்டு என்ற பெயர்களை எந்த விமானப்படைக் கையேடும் தராது. கீழே இருந்தவர்கள் தங்கள் உயிரைக் காத்துக்கொள்ள உண்டாக்கின அகராதி இது. இதைச் சேகரிக்காமல் 'விழுந்ததா, பாய்ந்ததா' என்று கேட்பது, கிணற்றடியில் நின்றுகொண்டு வானத்து மேகத்தை எண்ணுகிற வேலை.

யாராவது உங்களிடம் "விமானம் விழுந்ததை நான் பார்த்தேன்" என்று சொன்னால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

எங்கே நின்றீர்கள், கையில் என்ன வைத்திருந்தீர்கள்?

முதலில் கேட்டீர்களா, பார்த்தீர்களா?

பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள்?

விழுந்த இடத்துக்குப் போனீர்களா? யார் முதலில் போனார்கள்? யார் தடுத்தார்கள்?

உள்ளே இருந்தவர் உயிரோடு இருந்தாரா? அவருக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா?

அன்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?

"ஏன் விழுந்தது" என்று மட்டும் கேட்க வேண்டாம். அதைச் சொல்ல ஆவணம் இருக்கிறது, உடைந்த இன்ஜின் இருக்கிறது, தோண்டி எடுக்க ஆட்களும் இருக்கிறார்கள். மேலே எழுதிய ஆறு கேள்விக்கும் விடை அந்த மனிதரிடம் மட்டும்தான் இருக்கிறது. 91ஆம் டேங்க் ஏழு நாள் எரிந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஏழு நாளும் சீனக்குடாவைச் சுற்றியிருந்த வீடுகளில் உலை வைத்தார்களா, பிள்ளைகளை எங்கே படுக்க வைத்தார்கள் என்று எழுதினால், இந்தக் கதைக்குக் காமிகாசே என்ற அலங்காரமே தேவைப்படாது.